1933 மார்ச்: ரூஸ்வெல்ட் முன்னால் இருந்த வழிகளில் எது பலித்தது, எது கெடுத்தது?

1933 மார்ச் 4, சனிக்கிழமை. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்ற அந்தக் காலையில் நியூயார்க்கிலும் சிகாகோவிலும் வங்கிகள் திறக்கவில்லை. மற்ற மாநிலங்களிலும் பெரும்பாலும் இதே கதைதான்: ஒன்று கதவு மூடியிருந்தது, இல்லையென்றால் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்பு கட்டியிருந்தார்கள். பெருமந்தம் என்று இன்று நாம் சொல்கிற பொருளாதார வீழ்ச்சியின் அடிமட்டம் அது. வேலை செய்யக்கூடிய நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. நாட்டின் மொத்த உற்பத்தி, பண மதிப்பில், நான்கே வருடத்தில் கிட்டத்தட்டப் பாதியாகச் சுருங்கியிருந்தது.

அந்த நாற்காலியில் உட்கார்கிற ஒருவர் என்ன செய்ய வேண்டும்? அன்று ஆளாளுக்கு ஒரு யோசனை வைத்திருந்தார்கள். எதுவும் செய்யாதே, தானே சரியாகும் என்றார்கள் சிலர். வரவுசெலவைச் சமன் செய் என்றார்கள் சிலர். வங்கியைக் காப்பாற்று, தங்கத்தை விடு, விலையை ஏற்று, வேலை கொடு, கடனைக் குறை என்று மற்றவர்கள். ரூஸ்வெல்ட் செய்ததை மொத்தமாக ‘நியூ டீல்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி, அது பலித்ததா இல்லையா என்று இன்றும் வாதாடுகிறார்கள். அந்தக் கேள்வியே தப்பு என்பது என் எண்ணம். மூட்டைக்குள் நல்ல மருந்தும் இருந்தது, நோயைக் கூட்டிய மருந்தும் இருந்தது. அவிழ்த்து, தனித்தனியாக எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நோய் என்ன?

பெருமந்தம் என்றதும் எல்லோருக்கும் 1929 அக்டோபர் பங்குச்சந்தைச் சரிவுதான் ஞாபகத்துக்கு வரும். டவ் ஜோன்ஸ் குறியீடு 1929 செப்டம்பர் 3 அன்று 381-ல் நின்றது. 1932 ஜூலை 8 அன்று 41. பத்தில் ஒன்பது பங்கு கரைந்துவிட்டது. பயங்கரமான வீழ்ச்சிதான். ஆனால் பங்கு வைத்திருந்தவர்கள் மக்களில் சிறு பகுதியினர். கான்சாஸில் கோதுமை விதைத்தவருக்கும் வால் ஸ்ட்ரீட்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அவரை அடித்தது விலை.

1929-ல் ஒரு புஷல் கோதுமைக்கு, அதாவது ஏறக்குறைய 27 கிலோவுக்கு, விவசாயியின் கைக்கு வந்தது சராசரியாக 1 டாலர் 4 சென்ட். 1932-ல் 38 சென்ட். ஒருவர் 1929-ல் 1,000 டாலர் கடன் வாங்கியிருந்தார் என்று வையுங்கள். வாங்கிய அன்று அந்தக் கடன் ஏறக்குறைய 960 புஷல் கோதுமைக்குச் சமம். மூன்று வருடம் கழித்து அதே 1,000 டாலரை அடைக்க 2,630 புஷல் விற்க வேண்டும். வட்டி தனி. அவர் சோம்பேறியாகவில்லை, நிலம் குறையவில்லை, ஒரு சென்ட்கூட மேற்கொண்டு கடன் வாங்கவில்லை. கடன் மட்டும் இரண்டே முக்கால் மடங்கு கனத்துவிட்டது.

பெருமந்தத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கணக்கு போதும் என்றுகூடச் சொல்வேன். இர்விங் ஃபிஷர் என்ற பொருளாதார அறிஞர் 1933-ல் இதைத்தான் எழுதினார்: எல்லோரும் ஒரே நேரத்தில் கடனை அடைக்க முண்டியடித்துப் பொருளை விற்றால் விலை இன்னும் விழும், அடைக்க அடைக்கக் கடன் ஏறும்.

அயோவா, நெப்ராஸ்கா பக்கம் ஜப்திக்கு வந்த பண்ணைகளில் ஊர்க்காரர்கள் கூட்டமாக வந்து நின்றுகொண்டு, மாட்டுக்கும் ஏருக்கும் சில சென்ட்டுகள் மட்டும் ஏலம் கேட்பார்கள். வெளியூர்க்காரன் கூட்டிக் கேட்டால் முறைப்பார்கள். களஞ்சியத்து உத்தரத்தில் ஒரு தூக்குக்கயிறு தொங்கும். வாங்கியதை அப்படியே பழைய சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். 1933 ஏப்ரல் கடைசியில் அயோவாவின் லே மார்ஸ் என்ற ஊரில், ஜப்தியை நிறுத்த மறுத்த நீதிபதி ஒருவரை நீதிமன்றத்திலிருந்தே இழுத்துக்கொண்டு போய்க் கழுத்தில் கயிறு மாட்டிவிட்டார்கள். உயிர் தப்பினார். அவர்கள் கலகக்காரர்கள் இல்லை, சாதாரணக் குடியானவர்கள்.

கடன் திரும்பாவிட்டால் வங்கி என்ன ஆகும்? 1930 டிசம்பர் 11 அன்று நியூயார்க்கில் ‘பேங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ்’ மூடியது. பெயரைப் பார்த்து அரசு வங்கி என்று நினைத்துவிடாதீர்கள், தனியார் வங்கிதான். நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் பணம் போட்டிருந்தார்கள், பலர் துணி தைத்துப் பிழைத்த புலம்பெயர்ந்த யூதர்கள். 1930 முதல் 1933 வரை அமெரிக்காவில் ஏறக்குறைய 9,000 வங்கிகள் விழுந்தன. அன்று டெபாசிட்டுக்குக் காப்பீடு கிடையாது, வங்கி போனால் சேமிப்பும் போயிற்று. பெரும்பாலானவை ஒரே ஊரில் ஒரே கிளை வைத்திருந்த குட்டி வங்கிகள். அந்த ஊரில் விளைச்சல் விலை விழுந்தால் வங்கியும் விழும். பக்கத்திலேயே கனடாவில் நாடு முழுக்கக் கிளை வைத்திருந்த சில பெரிய வங்கிகள்தான். அங்கும் மந்தம் கடுமைதான், ஆனால் அந்த வருடங்களில் ஒரு வங்கிகூட விழவில்லை.

வங்கிகள் விழ விழ மக்கள் ரொக்கத்தை வீட்டில் பதுக்கினார்கள், நின்ற வங்கிகள் கொடுத்த கடனைத் திரும்பக் கேட்டன. நாட்டில் புழங்கிய பணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பணம் குறைந்தால் விலை இறங்கும். விலை இறங்கினால் கடன் கனக்கும். சுற்றிச் சுற்றி அதே இடம்.

இந்தச் சுழலை அரசால் ஏன் நிறுத்த முடியவில்லை? டாலரைத் தங்கத்தோடு கட்டி வைத்திருந்தார்கள், அதாவது குறித்த விலையில் டாலரைக் கொடுத்துத் தங்கமாக மாற்றிக்கொள்ளலாம். 1931 செப்டம்பர் 21 அன்று பிரிட்டன் தன் பணத்துக்கு இருந்த இதே கட்டை அவிழ்த்துத் தங்கத்தை விட்டுவிட்டது. அடுத்தது அமெரிக்காதான் என்று பயந்து எல்லோரும் டாலரைத் தங்கமாக மாற்றத் தொடங்கினார்கள். தங்கத்தைத் தக்கவைக்க, மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் அக்டோபரில் வட்டியை 1.5 சதவீதத்திலிருந்து 3.5-க்கு ஏற்றியது. மந்தத்தின் நட்டநடுவில்! காய்ச்சலில் நடுங்குகிறவன் மேலிருந்து போர்வையை உருவியது போல.

ஆகவே ஒவ்வொரு வழியையும் ஒரே அளவுகோலால் அளக்கப் போகிறேன். விலை இறக்கத்தை நிறுத்தியதா? கடன்காரர் மூச்சுவிட முடிந்ததா? செலவு செய்யக்கூடியவர் கைக்குப் பணம் போனதா?

எதுவும் செய்யாமல் விடுவது

இந்த வழியைச் சொன்னவர்களை முட்டாள்கள் என்று தள்ளிவிட முடியாது. நிதித்துறைச் செயலர் ஆண்ட்ரூ மெலன் அந்தப் பக்கம்தான். தொழிலாளி, பங்கு, விவசாயி, வீட்டுமனை எல்லாம் விழட்டும், அழுகல் கழிந்தால் மிச்சம் நன்றாக இருக்கும் என்பது அவர் கருத்து என்று, ரூஸ்வெல்ட்டுக்கு முன் ஜனாதிபதியாக இருந்த ஹூவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அவர்களுக்கு 1920-21 அனுபவம் இருந்தது. அப்போதும் விலைகள் தலைகீழாக விழுந்தன, ஒன்றரை வருடத்தில் நிமிர்ந்தும் விட்டன. ஆனால் அப்போது வங்கிகள் ஆயிரக்கணக்கில் சரியவில்லை. 1921-ல் ஃபெடரல் ரிசர்வ் வட்டியைக் குறைத்தும் கொடுத்தது. அந்த இரண்டையும் மறந்துவிட்டு, பொறுமையால்தான் குணமானது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

பொறுமையோடு சிக்கனத்தையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனி இருக்கிறது. 1930 மார்ச்சில் பதவிக்கு வந்த பிரதமர் ஹைன்ரிஷ் ப்ரூனிங், அவசரச் சட்டம் மேல் அவசரச் சட்டமாகப் போட்டுச் சம்பளத்தை வெட்டினார், ஓய்வூதியத்தை வெட்டினார், வரியை ஏற்றினார். 1932 தொடக்கத்தில் 60 லட்சம் பேர் வேலையில்லாமல் பதிவு செய்திருந்தார்கள். 1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீதம். 1930 செப்டம்பரில் 18.3. 1932 ஜூலையில் 37.3. ஹிட்லர் வந்ததற்குக் காரணம் இது ஒன்றே என்று சொல்லவில்லை. ஆனால் இந்த எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பிறகு, ‘கொஞ்சம் பொறுத்தால் சரியாகிவிடும்’ என்ற பேச்சை என்னால் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை.

நம் பக்கமும் இந்த வழிதான் நடந்தது, ஆனால் நம்மைக் கேட்டு நடக்கவில்லை. ரூபாயை 1 ஷில்லிங் 6 பென்ஸில் பிரிட்டிஷ் அரசு இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது. நெல் விலை பாதாளத்துக்குப் போனபோதும் சென்னை மாகாணத்தில் குடியானவர் நேராக அரசுக்கு வரி கட்டிய ரயத்துவாரி நிலங்களின் தீர்வை பணமாக அப்படியே நின்றது. குடியானவர்கள் தாலியையும் காப்பையும் விற்றார்கள். 1931-க்குப் பிறகு இந்தியாவிலிருந்து தங்கம் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது. பர்மாவில் அரிசி விலை சரிந்தபோது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம் கடன் வாங்கியிருந்த விவசாயிகளால் அடைக்க முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த செட்டியார்களின் நிலம் 1938-க்குள் 25 சதவீதம் ஆனது. அவர்கள் கேட்டது ரொக்கம், கிடைத்தது நிலம். அந்த நிலத்தால் அங்கே வளர்ந்த கோபமும், கடைசியில் நிலமே கைவிட்டுப் போனதும் காரைக்குடிப் பக்கம் இன்றும் வீட்டுப் பேச்சில் இருக்கின்றன. மலாயாவில் ரப்பர் விலை விழுந்ததும் தோட்டத் தமிழர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பினார்கள். கோதுமைக்காரர் கணக்கும் இவர்கள் கணக்கும் ஒன்றுதான்.

ஹூவர் எடுத்த நடுவழி

ஹெர்பர்ட் ஹூவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார் என்று எழுதுவது நியாயமில்லை. சம்பளத்தைக் குறைக்காதீர்கள் என்று முதலாளிகளைக் கூப்பிட்டுக் கேட்டார். பொதுப்பணிகளுக்குப் பணம் ஒதுக்கினார். 1932 ஜனவரியில் வங்கிகளுக்கும் ரயில் கம்பெனிகளுக்கும் கடன் கொடுக்க மறுசீரமைப்பு நிதிக் கழகத்தை ஏற்படுத்தினார். கழகம் நல்ல யோசனைதான். ஆனால் அந்த ஆகஸ்டிலிருந்து யார் யார் கடன் வாங்கினார்கள் என்று பட்டியல் வெளியானது. பட்டியலில் பெயர் வந்தால் அன்றே மக்கள் அந்த வங்கி வாசலில் வரிசை கட்டுவார்கள். அதனால் உதவி தேவைப்பட்ட வங்கியே உதவி கேட்கப் பயந்தது.

இடது கையால் கொடுத்ததை வலது கையால் பறித்ததுதான் பெரிய தவறு. 1930 ஜூன் 17 அன்று ஸ்மூட்-ஹாலி இறக்குமதி வரிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வேண்டாம் என்று 1,028 பொருளாதார அறிஞர்கள் எழுதிக் கேட்டும் கேட்கவில்லை. மற்ற நாடுகளும் பதிலுக்கு வரி போட்டன. 1929-ல் 520 கோடி டாலராக இருந்த அமெரிக்க ஏற்றுமதி 1932-ல் 160 கோடி. இந்த வீழ்ச்சி முழுவதற்கும் அந்த வரிதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், உலகமே சுருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் எரிகிற இடத்தில் எண்ணெய். அப்புறம் 1932-ல் வரவுசெலவைச் சமன் செய்ய வருமான வரியின் உச்ச விகிதத்தை 25-லிருந்து 63 சதவீதமாக்கினார்கள். ஒவ்வொரு காசோலைக்கும் 2 சென்ட் வரி வேறு. வங்கிகளில் பணம் தங்க வேண்டிய நேரத்தில், காசோலை எழுதாதே, ரொக்கமாக எடுத்து வைத்துக்கொள் என்று அரசே சொன்ன மாதிரி ஆயிற்று.

அளவுகோலில் வைத்தால் விலை இறக்கம் நிற்கவில்லை, கடன் குறையவில்லை, எளியவர் கைக்குப் பணம் போகவில்லை.

வங்கியை மூடித் திறந்தது

ரூஸ்வெல்ட் முதலில் கை வைத்தது இங்கே. மார்ச் 6 முதல் நாடு முழுக்க வங்கிகளுக்கு விடுமுறை. 9-ஆம் தேதி அவசர வங்கிச் சட்டம் ஒரே நாளில் நிறைவேறியது, பெரும்பாலான உறுப்பினர்கள் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. 12-ஆம் தேதி ஞாயிறு இரவு அவர் வானொலியில் பேசினார். வங்கி என்றால் என்ன, நீங்கள் போட்ட பணத்தை அது பெட்டியில் வைத்திருக்காது, கடனாகக் கொடுத்திருக்கும் என்று பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார். சோதித்து நல்லது என்று கண்ட வங்கிகள் மட்டும் திறக்கும் என்றார். திங்கள் காலையில் வரிசை நின்றது, ஆனால் பணம் எடுக்க இல்லை, திருப்பிப் போட. இரண்டு வாரத்தில் பதுக்கிய ரொக்கத்தில் பாதிக்கு மேல் வங்கிக்கு வந்துவிட்டது.

இதற்கு ஆன செலவையும் கிடைத்த பலனையும் பார்த்தால் இத்தனை வழிகளிலும் இதுதான் மலிவு. ஆனால் வானொலிப் பேச்சு ஒரு முறைதான் வேலை செய்யும். நிலையாகக் காப்பாற்றியது அந்த ஜூனில் சட்டமான டெபாசிட் காப்பீடு. ரூஸ்வெல்ட்டுக்கே அதில் விருப்பமில்லை, அலபாமா உறுப்பினர் ஹென்றி ஸ்டீகல் விடாப்பிடியாக நின்று கொண்டுவந்தார். 1934 ஜனவரி 1 முதல் 2,500 டாலர் வரை காப்பீடு. ஆயிரக்கணக்கில் வங்கிகள் விழுந்த நாட்டில், அந்த வருடம் முழுவதிலும் விழுந்த காப்பீட்டு வங்கிகள் ஒன்பது. இன்று நம் பாஸ்புக்கில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு என்று ஒரு முத்திரை இருக்கிறதே, அந்த ஏற்பாட்டுக்கு மூத்தது இதுதான்.

தங்கத்தை விட்டது

மக்கள் அதிகம் பேசாத வழி இது. என் கணக்கில் மிகப் பெரிய வழியும் இதுதான்.

1933 ஏப்ரலில் மக்கள் கையிலிருந்த தங்க நாணயம், கட்டி எல்லாவற்றையும் அரசிடம் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அவுன்சுக்கு 20.67 டாலர் கொடுத்தார்கள். தங்க ஏற்றுமதியை நிறுத்தினார்கள். டாலரின் மதிப்பு சந்தையில் இறங்கத் தொடங்கியது. 1934 ஜனவரி கடைசியில் தங்கத்தின் விலையை 35 டாலராக நிர்ணயித்தார்கள். ஒப்படைத்தவர்களுக்கு இது அநியாயம்தான், மறைக்க வேண்டியதில்லை. 20.67-க்கு வாங்கியதை அரசே 35 ஆக்கிக்கொண்டது.

ஆனால் விளைவைப் பாருங்கள். விலை இனி விழாது, ஏறும் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. நாளைக்கு மலிவாகக் கிடைக்கும் என்று காத்திருந்தவர் இன்றே வாங்கத் தொடங்கினார். 1933 மார்ச்சுக்கும் ஜூலைக்கும் நடுவில் தொழிற்சாலை உற்பத்தி 57 சதவீதம் ஏறியது. நாலே மாதத்தில்! அதற்குள் பெரிய பொதுப்பணிகள் தொடங்கியிருக்கவே இல்லை. நம் கோதுமைக்காரருக்கு அந்தப் பருவத்தில் சராசரியாக 74 சென்ட் கிடைத்தது. வறட்சியும் அதில் ஒரு காரணம் என்றாலும், 38-க்கு 74 என்றால் 1,000 டாலர் கடன் 2,630 புஷலிலிருந்து 1,350-க்கு இறங்கிவிட்டது. ஒரு ரூபாய் தள்ளுபடி செய்யாமலே கடன் பாதியானது.

இது அமெரிக்காவின் அதிர்ஷ்டமா? மற்ற நாடுகளையும் வரிசையாக வைத்துப் பார்க்கலாம். பிரிட்டனும் ஸ்வீடனும் 1931-ல் தங்கத்தை விட்டன. ஜப்பான் அந்த டிசம்பரில். அமெரிக்கா 1933-ல். பெல்ஜியம் 1935-ல். பிரான்சும் நெதர்லாந்தும் ஸ்விட்சர்லாந்தும் 1936 வரை பிடிவாதமாக நின்றன. மீண்ட வரிசையும் ஏறக்குறைய இதே வரிசைதான். முதலில் விட்டவர் முதலில் எழுந்தார், கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தவர் கடைசியில். ஜப்பானில் நிதி அமைச்சர் டகஹாஷி கொரேகியோ தங்கத்தை விட்டதோடு நிற்காமல், மத்திய வங்கியையே அரசுப் பத்திரங்களை வாங்கவைத்துச் செலவையும் கூட்டினார். நாடு சீக்கிரம் நிமிர்ந்தது. பிறகு இராணுவச் செலவைக் குறைக்கப் பார்த்தபோது, 1936 பிப்ரவரி 26 அன்று கலகம் செய்த இளம் அதிகாரிகள் அவரை வீட்டிலேயே கொன்றார்கள். தொடங்கத் தெரிந்தவரை நிறுத்த விடவில்லை.

விலையை உத்தரவு போட்டு ஏற்றியது

இந்த வழியை நான் பட்டியலிலிருந்தே அடித்துவிடுவேன். விலை விழுந்ததுதான் நோய் என்றால், விலையை விழவிடாமல் சட்டம் போட்டால் போதும் என்று நினைத்துவிட்டார்கள். 1933 ஜூனில் வந்த தேசியத் தொழில் மீட்புச் சட்டத்தின்படி ஒவ்வொரு தொழிலும் தனக்கு ஒரு விதிமுறை எழுதிக்கொள்ளலாம்: குறைந்தபட்ச விலை, கூலி, வேலை நேரம். 500-க்கும் மேற்பட்ட விதிமுறைகள் வந்தன. கட்டுப்பட்ட கடைகள் சன்னலில் நீலக் கழுகுப் படம் ஒட்டின.

நியூ ஜெர்சியில் ஒரு தையற்கடைக்காரர் கோட்டு சூட்டைத் தேய்த்துக் கொடுக்க 35 சென்ட் வாங்கினார். விதிப்படி 40 சென்ட். அந்த 5 சென்ட்டுக்காக 1934-ல் அவருக்குச் சிறைத் தண்டனையும் அபராதமும் விதித்தார்கள். கோடிக்கணக்கானவர்கள் கையில் காசில்லாமல் திரிந்த வருடத்தில், மலிவாக வேலை செய்து கொடுத்தது குற்றம்! விதிமுறைகளை எழுதியவர்கள் பெரிய கம்பெனிக்காரர்கள், அதனால் குட்டிக் கடைக்காரர்தான் மாட்டினார். ஏப்ரலில் எழுந்த உற்பத்தி, இந்த விதிமுறைகள் வரத் தொடங்கிய ஜூலைக்குப் பிறகு மறுபடி சரிந்தது. 1935 மே 27 அன்று தண்டிக்கப்பட்ட புரூக்ளின் கோழி வியாபாரிகள் மேல்முறையீடு செய்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலாக இதைச் செல்லாது என்றார்கள்.

அந்தச் சட்டத்தில் நல்லதும் இருந்தது. குழந்தைத் தொழிலைத் தடுத்தது, தொழிலாளர் சங்கம் அமைக்க உரிமை தந்தது. அவை பின்னால் தனிச் சட்டங்களாக வந்து நிலைத்தன. அவற்றுக்கும் விலை நிர்ணயத்துக்கும் சம்பந்தமில்லை. பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் கெயின்ஸ்கூட 1933 கடைசி நாளில் நியூயார்க் டைம்ஸில் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில், இந்தச் சட்டம் மீட்சிக்குத் தடை என்ற பொருளில்தான் எழுதினார். அதே கடிதத்தில், பணத்தின் அளவைக் கூட்டி உற்பத்தியைப் பெருக்க நினைப்பது பெரிய பெல்ட் வாங்கி உடம்பைப் பெருக்கப் பார்ப்பது போல என்றும் சொன்னார். முதலாவதில் அவர் சரி. இரண்டாவதில் அந்த 57 சதவீதத்துக்குப் பிறகு என்னால் அவரோடு முழுசாக ஒத்துப்போக முடியவில்லை.

விவசாயத்திலும் இதையே செய்தார்கள். விலை ஏற வேண்டும் என்று ஒரு கோடி ஏக்கர் பருத்தியை உழுது அழித்தார்கள், 60 லட்சம் பன்றிக்குட்டிகளைக் கொன்றார்கள். பண்ணையாருக்கு அரசுப் பணம் வந்தது. நிலத்தைக் குறைத்ததும், விளைச்சலில் பங்குக்கு உழுத வாரக் குடியானவர் தேவைப்படவில்லை, தெற்கு மாநிலங்களில் குடும்பம் குடும்பமாக வெளியே அனுப்பினார்கள். அவர்களில் பலர் கறுப்பின மக்கள்.

வேலை கொடுத்தது

இங்கே இரண்டு மனிதர்களை எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். ஹெரால்ட் இக்கெஸிடம் பொதுப்பணிக்காக 330 கோடி டாலர் கொடுத்தார்கள். மிக நேர்மையானவர், ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் தானே பார்ப்பார். நியூயார்க்கின் லிங்கன் சுரங்கப்பாதையும் கிராண்ட் கூலி அணையும் அந்தப் பணத்தில் வந்தன, இன்றும் நிற்கின்றன. ஆனால் 1933 குளிர்காலம் வந்தபோது பணம் இன்னும் கோப்பில்தான் இருந்தது.

ஹாரி ஹாப்கின்ஸ் வேறு ரகம். நிவாரணப் பொறுப்பேற்றதும் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் 50 லட்சம் டாலருக்கு மேல் மாநிலங்களுக்கு அனுப்பினார். நவம்பரில் அவர் தொடங்கிய குடிமைப் பணி நிர்வாகம் ஜனவரிக்குள் 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை கொடுத்தது. சாலை போட்டார்கள், பள்ளிக்கூடத்தைச் செப்பனிட்டார்கள், சாக்கடை தோண்டினார்கள். சில இடங்களில் வெறுமனே சருகு கூட்டினார்கள், அதுவும் உண்மைதான். செலவு அதிகம் என்று பயந்து ரூஸ்வெல்ட் 1934 வசந்தத்தோடு அதை நிறுத்திவிட்டார். 1935-ல் இன்னொரு பெயரில் மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. அந்த இரண்டாவது அமைப்பில் எட்டு வருடத்தில் 85 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள்.

அணையா சருகா என்றால், நிற்கப் போவது அணைதான். ஆனால் டிசம்பரில் பிள்ளைக்குச் செருப்பு வாங்க வேண்டியவருக்கு அணையின் வரைபடத்தால் பயனில்லை. மந்தத்தில் வேகம்தான் முதல் தகுதி. அணையை அதன் போக்கில் கட்டிக்கொள்ளலாம்.

இலவசமாகப் பணம் கொடுப்பது இதைவிட மலிவு, வேகமும் கூட. ஹாப்கின்ஸ் வேலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், நிவாரணம் வாங்கப் போனவர்களின் வீட்டுக்கு அதிகாரி வந்து சமையல் அலமாரி வரை திறந்து பார்த்த நடைமுறை. கூலி வாங்கினால் அந்த அவமானம் இல்லை. காட்டு வேலைக்குப் போன இளைஞர்களுக்கு மாதம் 30 டாலர் கூலி, அதில் 25 நேராக வீட்டுக்குப் போகும். சாப்பிட்டுக்கொண்டும் தங்கிக்கொண்டும் அம்மாவுக்கு 25 டாலர் அனுப்பிய 18 வயதுப் பையனுக்கு அந்தத் தொகையின் கணக்கு பொருளாதாரக் கணக்கு மட்டும் இல்லை.

கடனையே நேராகத் தொட்ட வழி ஒன்றும் இருந்தது, அதிகம் பேசப்படாதது. அன்று வீட்டுக் கடன் மூன்று, ஐந்து வருடத்துக்குத்தான், கடைசியில் அசலை மொத்தமாக வைக்க வேண்டும். 1933-ல் வந்த வீட்டுக் கடன் கழகம் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் கடனை வாங்கி, 15 வருட மாதத் தவணையாக 5 சதவீத வட்டிக்கு மாற்றியது. நாம் இன்று கட்டுகிற மாதத் தவணை முறையின் ஒரு வேர் அங்கே இருக்கிறது. அதே கழகம் நகரங்களுக்கு வரைபடம் போட்டு, கறுப்பினத்தவர் வசித்த பகுதிகளை ஆபத்து என்று சிவப்பில் பூசியதும் உண்மை.

எப்போது நிறுத்துவது?

1933 முதல் 1937 வரை அமெரிக்கப் பொருளாதாரம் வருடத்துக்குச் சராசரியாக 8 சதவீதத்துக்கும் மேல் வளர்ந்தது. சரி, குணமாகிவிட்டது என்று நினைத்தார்கள். 1937-ல் அரசுச் செலவை வெட்டினார்கள். புதிதாக வந்த சமூகப் பாதுகாப்பு வரி அந்த ஜனவரியில்தான் தொடங்கியது. வங்கிகள் கையிருப்பில் வைக்க வேண்டிய தொகையை ஃபெடரல் ரிசர்வ் படிப்படியாக இரட்டிப்பாக்கியது. வந்த தங்கத்தைப் புழக்கத்துக்கு விடாமல் கருவூலம் அடைத்து வைத்தது. நாலு மருந்தையும் ஒரே நேரத்தில் நிறுத்தினால்? தொழிற்சாலை உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. வேலையின்மை 14 சதவீதத்திலிருந்து மறுபடி 19-க்கு ஏறியது. 1938 ஏப்ரலில் செலவைத் திரும்பத் தொடங்கிய பிறகுதான் மீண்டது.

கடைசியில் மந்தத்தைத் தீர்த்தது போர்தானே என்று கேட்பவர்களுக்கும் இங்கேதான் பதில். 1940-ல் 14.6 சதவீதமாக இருந்த வேலையின்மை 1944-ல் 1.2 ஆனது உண்மை. போர்க்காலத்தில் அரசு தயங்காமல் செலவு செய்தது, பாதியில் பயந்து நிறுத்தவில்லை. அதே துணிச்சலைப் பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் காட்டியிருந்தால் போருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

என்னைக் கேட்டால் வரிசை இப்படி: முதல் வாரம் வங்கி, கூடவே டெபாசிட் காப்பீடு. முதல் மாதம் தங்கக் கட்டை அவிழ்ப்பது. முதல் குளிர்காலத்துக்குள் ஹாப்கின்ஸ் பாணியில் கூலி, இக்கெஸ் பாணி அணைகள் பின்னால் வரட்டும். வீட்டுக்கும் நிலத்துக்கும் கடன் மறுதவணை. வேலையின்மை ஒற்றை இலக்கத்துக்கு வரும்வரை வரவுசெலவுச் சமன் பேச்சே வேண்டாம். நீலக் கழுகு வேண்டாம், பருத்தியை உழவும் வேண்டாம்.

இந்த வரிசையிலும் ஒரு ஓட்டை மிச்சம் இருக்கிறது. 1935-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோருக்கு ஓய்வூதியம் தந்தபோது, பண்ணைக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் வெளியே விட்டுவிட்டது. உழைத்த கறுப்பினத்தவரில் பெரும்பாலோர் இந்த இரண்டு வேலையில்தான் இருந்தார்கள். பருத்தி வயலிலிருந்து வெளியேற்றப்பட்ட அதே குடும்பங்கள். 1950-லும் 1954-லும் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அவர்களையும் உள்ளே சேர்த்தார்கள். அதற்குள் 1935-ல் ஐம்பது வயதிலிருந்தவர் எழுபதை நெருங்கியிருப்பார்.